நூற்றறுபது எழுத்து

முவான்சாவில் நிலவில்லாத இரவுகளில்தான்
டகா மீனுக்குப் படகு போகும்.
மூன்றாம் மாடி ஜன்னலில் நின்றால்
ஏரி முழுக்க விளக்கு.
என் திரையிலும் அப்படித்தான்.
பதினொரு மணிக்கு மேல்
ஒவ்வொன்றாய் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்,
பெயர் இல்லாமல்.

"சாக்ஸ் இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?"
மசாஞ்சா எழுதிய நிரல்
முதல் வாரம் இதற்குச்
சலவை முறை சொல்லிக்கொடுத்தது.
சிரித்து முடித்துவிட்டுத் திருத்தினோம்:
இந்த ஊர் இளசுகளின் சாக்ஸ் காலுக்கானது அல்ல.
ஒன்று போதும். இரண்டு உரசினால் கிழியும்.

உடம்பின் உறுப்பை அதன் பெயரால் எழுதினால்
போன் கம்பெனியின் சல்லடை
செய்தியையே நிறுத்திவிடும்.
உங்களுக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறது என்பது
தங்குதடையின்றிப் போகும்.
கருப்பைக்குத்தான் வழி இல்லை.
ஆகவே சுற்றிச் சுற்றி எழுதுகிறேன்,
பாறைக்கு மேல் பாறையாய் வீடுகள் ஏறிய இந்தக் குன்றில்
தண்ணீர் வாளியோடு ஏறுகிறவள் மாதிரி.

என் பள்ளியில் உயிரியல் ஆசிரியர்
அந்தப் பாடத்தை எட்டு நிமிடத்தில் முடித்தார்,
முதுகைக் காட்டியபடி.
கரும்பலகையில் ஒரு பூ வரைந்தார்.
மகரந்தம் எனக்கு இன்றும் மனப்பாடம்.

புதன்கிழமை, ஒன்று நாற்பது.
"முதல் தடவை என்றால் ஒன்றும் ஆகாது என்றான். நிஜமா?"

பொய், என்று எழுதினேன்.
கதவை அறைந்த மாதிரி இருந்தது. அழித்தேன்.
"அப்படிப் பலர் சொல்வார்கள். உண்மை இல்லை.
எத்தனை நாள் ஆயிற்று? உனக்கு விருப்பம் இருந்ததா?"
நூற்றறுபதில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.
அதில் "பயப்படாதே" என்று வைக்கவில்லை.
பயந்தவளிடம் அதைச் சொன்னால்
அதுவும் அவளுக்கு ஒரு வேலை ஆகிவிடும்.

"நேற்று. விருப்பம்தான். வயது பத்தொன்பது.
அண்ணன் போன். படித்ததும் அழிப்பேன்."

மாத்திரை இருக்கிறது, ஐந்து நாளுக்குள்,
விடிந்ததும் என்றால் இன்னும் நல்லது.
எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டுமென்றால்
மூன்று நாள்தான் கெடு.
கிளினிக் இருக்கும் தெரு, எந்த ஜன்னல்,
உறுத்துப் பார்த்தால் என்ன சொல்வது.
நான்கு செய்தி.
நான்காவது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் இல்லை.

காலை ஆறு பத்து. அதே எண்.
"யார் இது? என் போனில் உனக்கென்ன வேலை?"

இதற்கு விதி இருக்கிறது கையேட்டில்:
பதில் அனுப்பாதே.
ஆனால் ஓர் அண்ணனின் காதில்
மௌனம் என்னவாக விழும்?
ஏரியில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன.
எழுதினேன்:
"ஐயா, மீனவர்க்கான வானிலைச் சேவை.
உகேரேவே பக்கம் தெற்குக் காற்று.
மாலையில் மழைக்கு வாய்ப்பு.
நிறுத்த பூஜ்யம் அனுப்பவும்."

அவர் பூஜ்யம் அனுப்பவில்லை.
"நன்றி. டகா விலையும் சொல்வீர்களா?"

மசாஞ்சா வயிறு குலுங்கச் சிரித்தான்.
எனக்கு வரவில்லை.
உடம்பைப் பற்றிப் பொய்யே சொல்லமாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவள்
வானத்தைப் பற்றிப் புளுகிவிட்டு
வெயிலில் வீட்டுக்கு நடந்தேன்.
அன்று மாலை ஒரு தூறலும் இல்லை.

பதினேழு நாள் கழித்து வேறோர் எண்.
"மழை பெய்தது. இரண்டு நாள் தாமதம்.
அண்ணன் இன்னும் மீன் விலைக்குக் காத்திருக்கிறான்.
இது தோழி போன். அவளுக்கும் ஒரு கேள்வி."

கேட்கச் சொல், என்றேன்.

இந்தப் பொத்தான் போன்களில்
எதிராளி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்ட
புள்ளிகள் துள்ளுவதில்லை.
வெறும் காத்திருப்பு.
வெளியே நிலவு முழுசாய் நின்றது,
படகெல்லாம் கரையில்.